எழுதிவைக்காத எண்ணை நம்ப மாட்டேன்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தரவுப் பகுப்பாய்வு நிறுவனம் என்றதும் பலரும் முதலில் கேட்பது பயண நேரத்தைப் பற்றித்தான். அது மிச்சமாவது நல்லதே. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம். இந்த வேலையில் எனக்கு உறைத்தது வேறு: எழுத்து ஒழுங்காக இருந்தால்தான் எண் ஒழுங்காக இருக்கும். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எழுதாமலே காலம் தள்ளலாம். "செயலில் உள்ள வாடிக்கையாளர் என்றால் கடைசி 30 நாளில் வாங்கியவரா, 90 நாளில் வாங்கியவரா?" என்று பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டு குவெரியை, அதாவது தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்க எழுதும் கட்டளையை, முடித்துவிடலாம். பதில் இரண்டு பேர் தலைக்குள் தங்கிவிடும். ஆளுக்கொரு ஊரில் இருக்கும்போது அதற்கு வழியில்லை.

ஒருமுறை விற்பனைக் குழுவின் டேஷ்போர்டில் ஒரு தொகையும், நிதிக் குழுவின் அறிக்கையில் அதே நாளுக்கு வேறொரு தொகையும் வந்தன. இரண்டு குவெரிகளிலும் பிழை இல்லை. ஒன்று யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி நாளைப் பிரித்தது. மற்றொன்று கடை இருக்கும் ஊரின் நேரப்படி. யூடிசிக்குப் பின்தங்கிய நேரம் கொண்ட அந்த ஊரில் இரவு பதினொன்றரை மணிக்குப் பதிவான ஆர்டர், யூடிசி கணக்கில் மறுநாளுக்குப் போய்விடும். சக ஊழியர் ஒருவர் அப்படிப்பட்ட சில ஆர்டர்களை எடுத்து, இரண்டு நேரங்களையும் அருகருகே வைத்து, "விற்பனை நாள் என்றால் இனி கடையின் நேரம் என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனார். அவருக்கு நடுநிசியாகும்போது அலுவலைத் தொடங்கும் இன்னொருவர் நிதிக் குழுவிடம் கேட்டு, முடிவை அதன் கீழேயே எழுதினார். கூட்டம் எதுவும் நடக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் இன்றும் அந்த உரையாடலைப் படித்துவிட்டுத்தான் விற்பனை அட்டவணையைத் தொடுகிறார்கள். எனக்கு இதில் உள்ளபடியே பெருமை உண்டு.

தலைமை அலுவலகமே இல்லாமல் நடக்கும் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று, ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் ஏற்பாடுகள் பலவும் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். ஆனால் மீட்புப் பணியின் குறிப்புகளை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துவைத்தார்கள். யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். எழுதியே பழகியவர்களுக்குத்தான் அந்த நெருக்கடியிலும் அப்படி எழுத வரும் என்பது என் எண்ணம்.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மைக்ரோசாஃப்டின் 61,182 ஊழியர்களின் தகவல்தொடர்புகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. தொலைவிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபின் குழுக்கள் தங்களுக்குள்ளேயே சுருங்கிக்கொண்டன என்றது அது. இதனால் அதிகம் பாதிக்கப்படுவது இளையவர்கள். இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இரண்டு அட்டவணைகளை இணைக்கும் லெஃப்ட் ஜாயின் கட்டளையைப் போட்டபின், வலப்பக்க அட்டவணைக்கு வேர் (WHERE) எனும் வடிகட்டும் நிபந்தனை வைத்தால், பொருந்தாத வரிகள் சத்தமில்லாமல் காணாமல்போகும். அனுபவசாலி பக்கத்தில் இருந்தால் திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தனியே இருக்கும் இளைஞரோ, எல்லோரும் பார்க்கும் இடத்தில் கேட்கக் கூச்சப்பட்டு அரைநாள் தவிக்கிறார். மூத்தவர்கள் தங்கள் திரையைத் திறந்துவைத்து, தடுமாறுவதும் திருத்துவதும் தெரியும்படி வேலை செய்துகாட்ட வேண்டும். இதற்கென வாரத்தில் நேரம் ஒதுக்காத நிறுவனம், ஆளெடுத்துவிட்டு அம்போவென்று விடுகிறது.

அதைச் செய்யாமல் மௌஸ் அசைகிறதா, பெயருக்கருகே பச்சைப் புள்ளி எரிகிறதா என்று வேவுபார்க்கும் மேலாளர்கள் மீது எனக்குக் கடுங்கோபம். ஒரு குவெரியை ஓடவிட்டு, கண்ணை மூடி யோசிக்கும் அரைமணி நேரம்தான் எங்கள் தொழிலின் மிக நல்ல அரைமணி நேரம். வேவுபார்க்கும் மென்பொருளுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது.

இப்படிப்பட்ட நிறுவனத்தில் சேரப் போகிறவர்கள் நேர்காணலில் ஒன்று கேளுங்கள்: ஓர் அளவீட்டின் வரையறை சமீபத்தில் எப்போது மாறியது, அந்த முடிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ரகசியத்தை மறைத்துவிட்டாவது ஒரு பக்கத்தைக் காட்டினால் தைரியமாகச் சேரலாம். "அதெல்லாம் வீடியோ காலில் பேசிக்கொள்வோம்" என்றால், அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு அதன் பழக்கங்களைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். நாள் முழுக்க வீடியோ காலில்தான் இருப்பீர்கள்.