இருட்டுக்குள்ளே என்னத்தைப் பார்க்க?

பேய்க்கதையும் கொலைக்கதையும் எனக்கு உயிர், ஆனால் இப்போது டிவியில் வருகிற படங்கள், தொடர்களில் பாதி கண்ணுக்கே தெரிவதில்லைங்க. கொலைகாரன் கையில் இருப்பது கத்தியா கயிறா என்று பார்க்க, பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் 'மர்மதேசம்' தொடர் பழைய குண்டு டிவியில்தான் ஓடியது, அதிலும் இருட்டு உண்டு, ஆனால் முகம் தெரிந்தது. அப்புறம் இந்தச் சத்தம்! துப்பறிகிறவர் முக்கியமான தடயத்தைக் குசுகுசுவென்று சொல்வார், இங்கே சோமனூரில் பக்கத்து வீட்டுத் தறி தடதடவென்று ஓடும், சரி என்று வால்யூமைக் கூட்டினால் அடுத்த நொடியே பேய் அலறித் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடும். தியேட்டரில் வசனத்துக்கென்று திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு, வீட்டு டிவியிலோ முதுகுப் பக்கம் சின்னதாக ரெண்டுதான். வீட்டில் பார்க்கிறவர்களுக்கென்று ஒலியைத் தனியாகக் கலந்து கொடுங்கள் சாமி.