உச்ச வெயில் நாள் உதவாது

நகர வெப்பத்தீவை, அதாவது ஊர் தன் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை, கணக்கிடும் கணினி மாடலுக்கு மே மாதத்தின் உச்ச வெயில் நாளையே எடுக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. சென்னைக்கு அது சரிவராது. அன்றைக்குப் பெரும்பாலும் மேற்குக் காற்று பலமாக வீசி, கடற்காற்றைத் தள்ளிப்போடும். ஊரும் புறநகரும் சேர்ந்தே கொதிக்கும். வெப்பத்தீவு நன்றாகத் தெரிவது பொழுது சாய்ந்த பிறகுதான். எனவே இரவைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்: காற்று நொடிக்கு 2–3 மீட்டருக்குள், வானில் எட்டில் இரண்டு பங்குக்கு மேல் மேகம் கூடாது, முந்தைய 3 நாள் மழையும் கூடாது. ஊருக்கு வெளியே ஈர மண் இரவில் மெதுவாகவே குளிரும், ஊரோடு உள்ள வெப்ப வித்தியாசம் குறைந்துவிடும். இப்படிப்பட்ட நாளைப் பிப்ரவரி, மார்ச்சில் தேடுங்கள். மாடலை ஓட்டும்போது, அது நிலைபெறும் முதல் 24 மணி நேரத்தின் முடிவுகளைக் கழித்துவிடுங்கள். இன்னொன்று, நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்கள் இரண்டுமே இன்று ஊருக்குள் வந்துவிட்டன. ஊர் நிலையத்தை, கடலிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில், வயல்வெளியில் உள்ள நிலையத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.