பழகிய ஹேர் டை என்றாலும் டெஸ்ட் வேண்டும்
"ஏற்கெனவே டை போட்டுப் பழகியவர்களுக்கு பேட்ச் டெஸ்ட் தேவையில்லை" என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பது ஆபத்தான அறிவுரை. பேட்ச் டெஸ்ட் என்றால் டையைத் தோலில் கொஞ்சம் தடவி, ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது. நான் ஒன்பது வருடம் ஒரே பார்லரில் ஒரே டை போட்டவள், ஒரு தடவைகூட அரிப்பு வந்ததில்லை. அடுத்த முறை போட்ட மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கி, காதுக்குப் பின்னால் கொப்புளம் கொப்புளமாக நீர் வடிந்தது. அடர் நிற டைகளில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம்தான் காரணம், இது பல வருடம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும், ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது என்றார் தோல் மருத்துவர், அப்புறம் அவர் கேட்டது, இடையில் கறுப்பு மெஹந்தி டாட்டூ ஏதாவது போட்டீர்களா என்று. போட்டிருந்தேன், அதிலும் இதே பிபிடியைக் கலக்கிறார்களாம்! மேலே கருத்து எழுதிய ஒருவர் டையை அரை மணி நேரம் தடவிப் பார்த்தால் போதும் என்கிறார், போதவே போதாது, இந்த அலர்ஜி மெதுவாகத்தான் வெளியே தெரியும், 48 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மெழுகு தடவி முடியை அகற்றும் வேக்சிங்குக்கும் இப்படி முன்னெச்சரிக்கை வேண்டும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவருக்கு மெழுகோடு தோலும் உரிந்து வந்துவிடலாம், அதனால் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதி வைப்பவர்தான் தொழில் தெரிந்தவர். என்னிடம் அந்த ஒன்பது வருடத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, எனக்கும் கேட்கச் சொல்லத் தெரியவில்லை.