பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்?

ஆசிரியர்களுக்கு மனநலப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால் ஆசிரியர் அறையில் முதலில் எழுவது சிரிப்புதான். "மூச்சு விடக் கற்றுக்கொள்ள ஒரு நாள் பயிற்சியா?" என்பார்கள். கிண்டலில் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டார வள மையத்தில் பயிற்சி தரும் கருத்தாளர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். அதே நேரம் வாட்ஸ்அப் குழுவில், பள்ளி விவரங்களைப் பதியும் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் இன்றைக்குள் ஏற்ற வேண்டிய விவரம் ஒன்று வந்து விழும். பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

ஆனாலும் இந்தப் பயிற்சியே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை. எங்கே தேவையோ அங்கே அது தொடங்கவில்லை என்பதுதான் என் குறை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மாணவரை அடிப்பதையும் மன உளைச்சலுக்கு ஆளாக்குவதையும் தடை செய்தது. வரவேற்க வேண்டிய சட்டம். அடி வாங்கித்தான் நாங்கள் உருப்பட்டோம் என்று பெருமை பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அடி தாங்காமல் பாதியில் நின்றுபோனவர்கள் அந்தப் பெருமையைப் பேச வருவதில்லை. ஆனால் ஆசிரியர் கையிலிருந்து பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை. சில ஆசிரியர்களுக்குக் கோபம் கையை விட்டு வாய்க்குப் போனது. "உன் அக்கா எப்படிப் படித்தாள், நீ எங்கிருந்து வந்து சேர்ந்தாய்?" என்பது பிரம்படிக்குக் குறைந்ததல்ல, அதுவும் அதே பிரிவில்தான் வரும். வேறு சிலர், நமக்கெதற்கு வம்பு என்று கடைசி பெஞ்சைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இரண்டில் இதுவே மோசம் என்பேன்.

மதிய உணவு முடிந்த முதல் பாடவேளை, ஏழாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பக்கத்தில் இருப்பவனின் கணக்கு நோட்டைக் கிழித்துவிடுகிறான். நோட்டுக்காரன் காம்பஸைக் கையில் எடுக்கிறான். ஆசிரியருக்கோ காலையிலிருந்து நின்ற கால்வலி, முடிக்காத வளரறி மதிப்பீட்டுப் பதிவு, விடுப்பில் போன சக ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும் எரிச்சல். கை ஓங்குவதற்கும் ஓங்காமல் இருப்பதற்கும் நடுவே இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். பயிற்சி என்று ஒன்று உண்டென்றால் அது அந்த நொடிகளுக்குத்தான் வேண்டும்.

எங்கள் பள்ளியில் மூத்த டீச்சர் ஒருவர், கோபம் தலைக்கேறினால் சட்டென்று திரும்பிக் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்குவார். பல நேரம் அதில் துடைக்க எதுவும் இருக்காது. மேலிருந்து கீழாக நிதானமாகத் துடைத்துவிட்டு டஸ்டரை வைத்துத் திரும்பும்போது குரல் இறங்கியிருக்கும். ஒருவனிடம் "நீ முதலில் சொல்", மற்றவனிடம் "அவன் முடிக்கும்வரை நீ பேசக் கூடாது" என்று விசாரணை நடக்கும். அவர் எந்தத் தியான வகுப்புக்கும் போனவர் அல்ல. இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை.

மூச்சையும் மனதில் ஓடுவதையும் நிதானமாகக் கவனிக்கும் இந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியைப் பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். மைரியட் என்று பெயர். 85 பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. ஆசிரியர்கள் முதலில் தாங்கள் பயின்று, பிறகு மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். மாணவர்களின் மனநலத்தில் வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆசிரியர்களின் சோர்வு குறைந்தது, பள்ளிச் சூழலும் சற்று மேம்பட்டது. அந்தப் பலனும் ஓராண்டில் பெரும்பாலும் கரைந்துபோனது. நியூயார்க்கில் 36 தொடக்கப் பள்ளிகளின் 224 ஆசிரியர்களிடம் நடந்த ஆய்விலோ (2017), முப்பது மணி நேரப் பயிற்சியைப் பல மாதங்களுக்குப் பரப்பிக் கொடுத்தார்கள். ஆசிரியர்களின் மன அழுத்தம் குறைந்ததோடு, வகுப்பில் பிள்ளைகளிடம் அவர்கள் காட்டும் பரிவும் கூடியது. ஒரே நாளில் கூட்டி, தேநீர் கொடுத்து, சான்றிதழோடு அனுப்பிவிடுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணிச் சோர்வு என்பது சமாளிக்கப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்று உலகச் சுகாதார நிறுவனமே 2019-இல் வரையறுத்துவிட்டது. அதாவது, கோளாறு வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவேற்றமும் புள்ளிவிவரமும் பள்ளிக்குள்ளேயே வருவதால் அந்தப் பிரிவு அவற்றைத் தொடுவதில்லை போலும். பகலெல்லாம் சுமையை ஏற்றிவிட்டு, மாலையில் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது ஆசிரியரைக் கேலி செய்வதாகும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டத்தில் மாதம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் அதே பத்துப் பேர் கூட வேண்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், அந்த மாதம் நம்மைத் தடுமாற வைத்த ஒரு சம்பவத்தைப் பேச வேண்டும். அங்கே பேசியது தலைமையாசிரியர் காதுக்கும் அலுவலகத்துக்கும் போகக் கூடாது. புகைப்படம் எடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் நடக்கும், புகைப்படம் இல்லாமல் கூட்டம் நடந்ததாகக் கணக்குக் காட்ட முடியாது என்கிறார் எங்கள் ஆசிரியப் பயிற்றுநர்.