பெயரைத்தான் மறைக்க வேண்டும், முகவரியை அல்ல

குடிநோயாளிகளுக்காக ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 'பெயர் சொல்லாத குடிநோயாளிகள்') என்றொரு கூட்டம் நடக்கிறது என்று எங்கள் நெல்லைப் பக்கத்தில் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கும் என்பது குடிக்காதவர்களுக்குக்கூட மனப்பாடம்.

என் தம்பி சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கொடுத்த சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் இருந்தன, மறுபரிசோதனைத் தேதி இருந்தது. "இனிமேல் தொடவே கூடாது" என்று வாயாலும் சொல்லி அனுப்பினார்கள். அது அவனுக்குத் தெரியாதா? சாயங்காலம் ஏழு மணிக்குக் கை கால் பரபரக்கும்போது எங்கே போய் உட்காருவது என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

விசாரித்த இடங்களில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால், பல வருடங்களாக அந்தக் கூட்டத்துக்குப் போய்வரும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் அடுத்த தெருவிலேயே இருந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குடித்தவன் என்று ஒருமுறை தெரிந்தால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிக்கிற ஊர் இது. ஆனால் ஆளை மறைக்கப் போய்க் கூட்டத்தையே மறைத்துவிட்டோம். ஏ.ஏ. தனக்கென வகுத்துக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் பதினொன்றாவது, பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. இடத்தையும் நேரத்தையும் சொல்லாதே என்று எந்த மரபிலும் இல்லை.

அந்த இயக்கமே தேடலில் பிறந்ததுதான். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகருக்கு வேலையாக வந்த பில் என்பவர், விடுதி மதுக்கூடத்தின் சத்தம் காதில் விழ நின்றுகொண்டு, தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரைத் தொலைபேசியில் அழைத்தார். தன்னைப் போல் குடியோடு போராடும் இன்னொருவரிடம் பேசினால்தான் அன்று தப்பிக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அப்படிக் கிடைத்தவர்தான் அவரோடு சேர்ந்து ஏ.ஏ.வைத் தொடங்கிய அறுவை மருத்துவர் பாப். அன்று அந்தப் போதகரும் குரலைத் தாழ்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எங்கள் ஊர்க் கூட்டம் ஒரு கோவில் பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கிறது. கோவில் என்றால் இங்கே மாதா கோவில். "மதம் மாற்றிவிடுவார்கள்" என்று சித்தி பயந்தாள். தம்பிக்கோ வேறு சங்கடம்: அவன் கறுப்புச் சட்டைக்காரன், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறாரே என்று முறைத்தான். "நாம் புரிந்துகொண்ட வகையிலான கடவுள்" என்றுதான் அதில் இருக்கிறது. வேண்டுதல் சொல்லும்போது அவன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

குடும்பத்தாரும் வரலாம் என்ற திறந்த கூட்டத்துக்கு நானும் போனேன். பெரிய ஆட்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் அழிக்காத வகுத்தல் கணக்கு. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. (நம் வீடுகளில் இதைப் பத்து நிமிடம் செய்து காட்டுங்கள் பார்ப்போம்.) பை சுற்றி வந்தபோது நான் ஒரு நோட்டை எடுத்தேன். "உறுப்பினர்களிடம் மட்டும்தானம்மா வாங்குவோம்" என்று அண்ணாச்சி பையை நகர்த்திக்கொண்டார்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. தம்பி பேசியதை மட்டும் அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் குவார்ட்டர் பாட்டிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்ததைச் சொன்னான். அறையே சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை, ஆளுக்கொரு தொட்டி வைத்திருந்தவர்களின் சிரிப்பு. அதே பாட்டில் வீட்டில் அகப்பட்ட அன்று அம்மா மூன்று வேளையும் சாப்பிடவில்லை.

கூட்டம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, ஏ.ஏ.வும் அதற்கு ஆளை முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சையும் குடியை விட்டு விலகியிருக்கச் செய்வதில் மற்ற சிகிச்சைகளுக்குச் சளைத்தவை அல்ல, சிலவற்றைவிட மேல் என்றே சொல்கிறது. நாமோ 'குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்ற சுவரொட்டியை நம்புகிறோம். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மருந்தை அவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதேபோல, தினமும் நிறையக் குடிப்பவரைக் கூட்டத்தை நம்பி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம். முதலில் மருத்துவர், பிறகு வகுப்பறை.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே பக்கத்துக் கூட்டத்தின் இடம், கிழமை, நேரம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற மத்திய அரசின் இலவச உதவி எண்ணில் கேட்கலாம். மனைவிமார்களுக்கும் தாய்மார்களுக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. வீட்டுக்காரர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் போகலாம். அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.