அந்தக் குப்பி கோழிப் பண்ணைக்குப் போவதில்லை

“பிராய்லர் கோழிக்குப் போடும் ஹார்மோன் ஊசி இதுதான்” என்று ஒரு குப்பிப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படத்தைப் பெரிதாக்கி லேபிளைப் படியுங்கள்: ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’. பாக்டீரியாவில் தயாரித்த கோழி வளர்ச்சி ஹார்மோன் அது. ஆய்வகங்களுக்கு மைக்ரோகிராம் கணக்கில் விற்பது. புரதம் என்பதால் தீவனத்தில் கலந்தால் செரித்துவிடும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட எந்தப் பண்ணைக்குக் கட்டுப்படியாகும்?

சரி, பிறகு எப்படி இவ்வளவு வேகமாக வளர்கிறது? இனத்தேர்வுதான்: வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 2005-ஆம் ஆண்டு இனங்களுக்கு ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய கோழி சுமார் 900 கிராம், புதியது 4.2 கிலோ! 2014-இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ இதழில் வந்தது; இணையத்தில் பார்க்கலாம். ஆன்டிபயாடிக் பற்றிய கவலை நியாயமானது, ஆனால் அது வேறு விஷயம். இந்தப் படம் வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.