ஒரு வருடம் போதுமா?
பெருங்குடல் அழற்சி பற்றிய ஒரு கட்டுரை, 'ரத்தப்போக்கு நின்று ஒரு வருடமானால் அசாதயோப்ரினை (நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை) நிறுத்திவிடலாம்' என்று சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. ஸ்டீராய்டுக்கு மசியாத பெருங்குடல் அழற்சி என்னுடையது. மாத்திரை பிடிபடவே 3 மாதம் ஆனது. அப்புறம் 14 மாதம் நிம்மதி. 'நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று நானாகவே நிறுத்தினேன். ஐந்தாவது மாதம், ஒரே இரவில் எட்டு முறை கழிவறை, கடைசி மூன்று முறையும் வெறும் ரத்தம். இந்த மாத்திரையால் புற்றுநோய் வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) அபாயம் கொஞ்சம் கூடுவது உண்மைதான். ஆனால் அடங்காத அழற்சியும் குடல் புற்றுநோய்க்கு வழிவிடும், அதையும் கணக்கில் சேருங்கள். மாத்திரையின் பக்கவிளைவைக் கண்காணிக்க எனக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்த வெள்ளணு, கல்லீரல் பரிசோதனை.